கடைக்குட்டிகளின் வீடு

எங்கள் கீழ் வீட்டுக்குக் குடிவந்த இருவரும் அவரவர் வீட்டில் கடைசிப் பிள்ளைகள் என்பது அவர்கள் பால் காய்ச்சிய அன்றே எனக்குத் தெரிந்துபோனது. பால் பொங்கியது. பொங்க வேண்டும், அதுதான் சாங்கியம். அருள்பாண்டி கைதட்டினான். அவன் மனைவி தமிழ்வாணி செல்போனில் படம் எடுத்தாள். பால் வழிந்து மேடை முழுக்க ஓடியது. இருவரும் சிரித்தபடி நின்றார்கள். வழிந்த பாலில் அடுப்பு அணைந்து கேஸ் நாற்றம் மூக்கில் ஏறிய பிறகும் அப்படியே நின்றார்கள். வீட்டுக்காரி என்ற முறையில் வாழ்த்திவிட்டுப் போக வந்த நான்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அடுப்பைத் திருகி மூடினேன்.

"ஐயோ, அணைஞ்சிருச்சாக்கா?" என்றாள் வாணி. அவள் இடுப்பில் இருந்த ஒரு வயதுக் குழந்தை மட்டும் சிரிக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தல்லாகுளத்தில் எங்களுக்கு மாடி வைத்த ஒரு வீடு. மேலே நானும் என் வீட்டுக்காரரும். கீழே வாடகைக்கு. கோர்ட்டுக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர் மேலூர் ரூட்டில் கண்டக்டர். பெயர் கருத்தக்கண்ணன். அவர் தலைப்பிள்ளை. தனக்குப் பின்னால் பிறந்த அத்தனை பேரையும் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் என்னைக் கட்டினார். எனக்குச் சேலை எடுத்தாலும் என்னைக் கேட்க மாட்டார். ஆனால் கதவைப் பூட்டாமல் படுக்கவும் மாட்டார். இரண்டையும் சேர்த்துத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

நான் நடுப்பிள்ளை. மேலே இருப்பவர்கள் அதட்டுவார்கள், கீழே இருப்பவர்கள் அழுவார்கள். நடுவில் பிறந்தவளுக்கு அதட்டவும் உரிமை கிடையாது, அழவும் உரிமை கிடையாது. வேடிக்கை பார்க்கலாம். அதனால் பார்ப்பதில் நான் கெட்டிக்காரி. கெட்டிக்காரியாக இருந்து என்ன கண்டேன் என்பது வேறு விஷயம்.

அருள்பாண்டிக்கு நான்கு அக்காமார். எல்லோரையும் மேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அவனுக்குத் தலை துவட்டிவிட ஆள் வரும். ஒரு அக்கா வந்தால் பிரிட்ஜ் நிறையும், இன்னொரு அக்கா வந்தால் பீரோ மடிப்புக் கலையாமல் அடுக்கப்படும். வாணிக்கு மூன்று அண்ணன்கள். அவள் தெருவில் நடந்தால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் போவார்களாம். அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அண்ணன்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மாப்பிள்ளை வீட்டுக்குக் கடைசியாக இருக்க வேண்டும். மூத்த மருமகளாகப் போனால் தங்கச்சி வேலை செய்தே ஓய்ந்துபோவாள். அக்காமாருக்கும் அந்த ஏற்பாடு பிடித்துப்போனது. மூத்தவளாகப் பிறந்த பெண் வந்தால் தம்பியைத் தங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். கடைக்குட்டி என்றால் பிடுங்கத் தெரியாது. இரண்டு பக்கமும் நல்லதைத்தான் நினைத்தார்கள். அந்த வீட்டில் ஒரு பெரியவர்கூட இல்லாமல் போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவர் என்று நான் வயதைச் சொல்லவில்லை. அவனுக்கு முப்பத்திரண்டு வயது, மருந்துக் கம்பெனியில் நல்ல வேலை, வண்டியில் ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்ப்பான். அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஒரு பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். இருவரும் தங்கமான பிள்ளைகள். கடுஞ்சொல் கிடையாது, குடி கிடையாது. என்ன, ஒருவரும் எதையும் மூட மாட்டார்கள்.

வெளிக்கதவு திறந்து கிடக்கும். குழாய் ஓடும். இஸ்திரிப்பெட்டி சூடாகவே இருக்கும். நான் கடைக்கு இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை எல்லாவற்றையும் மூடிக்கொண்டே போவேன். ஆரம்பத்தில் சொல்லிப்பார்த்தேன். "ஆமாக்கா, மறந்துட்டோம்," என்று இருவரும் ஒரே மாதிரி அழகாகச் சிரிப்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்தச் சிரிப்புக்கு அவர்களை யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். எனக்கும் திட்ட வரவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

சண்டை வந்தால் இன்னும் மோசம். மற்ற வீடுகளில் ஒருவர் முறுக்கிக்கொண்டால் இன்னொருவர் இறங்கிவந்து சமாதானப்படுத்துவார். இங்கே இருவருமே முறுக்கிக்கொண்டு, யாராவது வந்து தாஜா பண்ணுவார்கள் என்று காத்திருப்பார்கள். அவன் கூடத்தில் சாப்பிடாமல் படுத்திருப்பான். அவள் அறையில் சாப்பிடாமல் படுத்திருப்பாள். நடுவில் குழந்தை இதழினி நடப்பாள். ஒரு பிஸ்கட்டை அப்பா வாயில் வைப்பாள். ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்து அம்மாவிடம் கொண்டுபோவாள். அவளுக்கு அப்போது மூன்று வயது முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"பாருங்கக்கா, எங்களுக்கே அம்மா மாதிரி," என்று வாணி சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்தபடியே படியேறினேன்.

வாசலில் வண்டி நிறுத்தும் இடத்தில், தரைக்கடியில், சம்ப் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் அந்தத் தொட்டிதான். ஒரு ஆள் இறங்கி நின்றால் தலை முழுகும் ஆழம். கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் குழாயின் வால்வு அதற்குள்தான் இருக்கிறது. கட்டிய கொத்தனாருக்கு அப்படி ஒரு புத்தி. தண்ணீர் வரும்போது இரும்பு மூடியைத் தூக்கி, சுவரில் சாய்த்துவைத்து, கையை விட்டு வால்வைத் திறக்க வேண்டும். நிறைந்ததும் அடைத்துவிட்டு மூடியைப் போட்டுப் பூட்ட வேண்டும். மூடி கனம். கீல் சுவரோரமாக இருப்பதால், சாய்த்த மூடியை இழுக்க வேண்டுமானால் தொட்டியின் வாய்க்கு மேலே குனிந்து எட்டித்தான் பிடிக்க வேண்டும். விழுந்தால் டமார் என்று தெருவுக்கே கேட்கும்.

நான் வீட்டில் இருக்கும் நாட்களில் அந்த வேலை என்னுடையது. நான் கடையில் இருக்கும்போது தண்ணீர் வந்தால் அவர்கள் திறப்பார்கள். திறப்பது மறக்காது, தண்ணீர் வேண்டுமே. நான் மதியம் சாப்பிட வரும்போது தொட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது கையிலிருந்த பையை அப்படியே போட்டேன். ஓடிப்போய் உள்ளே எட்டிப்பார்த்தேன். தண்ணீரில் என் முகம்தான் தெரிந்தது. நிமிர்ந்தால், கிரில் கதவுக்குப் பின்னால் இதழினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"மூடலையா பெரியம்மா?" என்றாள்.

"மூடுறேன்டா தங்கம்."

டமார் என்று மூடி விழுந்த பிறகுதான் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

பூட்டு வாங்கிப் போட்டேன். சாவியை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பூட்டு திறந்தபடியே கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கத்தினார். "காலி பண்ணச் சொல்லு. ஒருநா இல்ல ஒருநா ஏழரைய இழுத்துவிடப் போறாய்ங்க." எனக்கும் ஆத்திரம் இருந்தது. ஆனால் காலி செய்து எங்கே போவார்கள்? வேறு ஒரு வீடு, வேறு ஒரு தொட்டி. அங்கே மூட யார் இருப்பார்கள்? அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தப் பிள்ளை எனக்கு வேண்டும்.

அதற்குப் பிறகு இதழினியைக் கவனிக்கத் தொடங்கினேன். அவள் விளையாடுவதில்லை. வீட்டைச் சுற்றிவருகிறாள். வாசல் கதவின் கீழ்த் தாழ்ப்பாளைத் தொட்டுப்பார்க்கிறாள். குளியலறைக் குழாயைத் திருகி அடைக்கிறாள். அப்பாவின் வண்டிச் சாவியை வண்டியிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டப் பார்க்கிறாள், எட்டவில்லை. ஒருநாள் காபிப்பொடி கேட்கக் கீழே இறங்கினேன். வாணி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் பேசிக்கொண்டிருந்தாள். சமையலறையில் பிள்ளை பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் நிற்கிறாள். ஸ்டூல் ஆடுகிறது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு கையாலும் அடுப்பின் குமிழைப் பிடித்துத் திருகிக்கொண்டிருக்கிறாள். பாவாடை நுனிக்கும் தீக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தால் அதிகம்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாணியைத் திட்டினேன். அன்று நிஜமாகவே திட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டாள். உடனே இதழினி என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கிப் போய் அம்மாவின் கண்ணைத் துடைத்தாள். "பெரியம்மா திட்டாதீங்க. நான்தான் லேட்டா அணைச்சேன்," என்றாள்.



அந்த மாதக் கடைசியில் எழுமலையில் என் தம்பி மகனுக்குக் காதுகுத்து. நான் போகாமல் இருக்க முடியாது. இவர் லீவு போட்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலமே கிளம்பினோம். வாசலில் கணவன் மனைவி இருவரும் நின்றார்கள். நான் படித்துப் படித்துச் சொன்னேன்.

"நாளைக்குத் தண்ணி வரும். தொறந்தா ஒடனே மூடணும். பூட்டணும். தம்பி, கேக்குதா? வாணி, உனக்கும்தான்."

"சரிக்கா," என்றார்கள் இருவரும், ஒரே குரலில். சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்ற இதழினி சிரிக்கவில்லை.

"எப்ப வருவீங்க பெரியம்மா?"

"நாளைக்கு ராத்திரி வந்துருவேன்டா."

அவள் திரும்பிச் சம்ப்பைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள், வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவளைப் போல.

பஸ் உசிலம்பட்டி தாண்டும்போது இவர் கேட்டார். "யார்ட்ட சொல்லிட்டு வந்த?"

"ரெண்டு பேர்ட்டயும்தான்."

"கெடுத்த. ஒருத்தர்ட்டச் சொல்லிருக்கணும்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினார். "நம்ம பஸ்ல பாத்திருக்கேன். பிள்ளைய ஒரு ஆளு கூட்டிட்டு வந்தா விடவே மாட்டாக. ரெண்டு பேரு சேந்து வந்தா, அவரு வச்சிருக்காருன்னு இவ எறங்குவா, இவ வச்சிருக்கான்னு அவரு எறங்குவாரு. பிள்ள சீட்ல உக்காந்திருக்கும்."

அதை ஏன் கிளம்பும்போதே சொல்லவில்லை என்று அவரிடம் எரிந்துவிழுந்தேன். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். மொட்டை போட்ட தலையில் சந்தனம் பூசிப் பையனைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் கூட்டத்தை விட்டு விலகி வந்து அருள்பாண்டிக்குப் போன் போட்டேன்.

"தண்ணி வந்துச்சா தம்பி?"

"வந்துச்சுக்கா. தொறந்துவிட்டுட்டுத்தான் கெளம்புனேன். மேலூர் வந்துட்டேன்."

"மூடுனது யாரு?"

"வாணி இருக்கால்லக்கா."

கட் செய்துவிட்டு வாணிக்குப் போட்டேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"சம்ப்பு மூடியாச்சா?"

"அவருதானக்கா தொறந்தாரு. அவரே மூடிட்டுத்தான் போயிருப்பாரு."

"அவன் மூடல. போய்ப் பாரு."

"சரிக்கா, இந்தா, ஒரு மீட்டிங் ஓடிக்கிட்டிருக்கு, முடிஞ்சதும்…"

"இப்பப் போ வாணி. பாப்பா எங்க?"

"இங்கதான் வெளையாண்டுக்கிட்டு இருந்தா."

எனக்குப் பின்னால் பையன் வீறிட்டு அழுதான். காது குத்திவிட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தின் நடுவிலும் போனுக்குள் அது கேட்டது. டமார். எத்தனையோ முறை என் கையால் விழவைத்த சத்தம். எனக்குத் தெரியாதா?

"இந்தா, மூடிட்டாங்கக்கா," என்றாள் வாணி. குரலில் அப்படி ஒரு நிம்மதி. "சத்தம் கேட்டுச்சா?"

"யாருடி?" என்றேன். "யாருடி மூடுனது? வீட்ல யாரு இருக்கா?"

நாற்காலி விழும் சத்தம் கேட்டது. காலடிகள் ஓடின. பிறகு ஒரு அலறல். அது வாணியின் குரல். குழந்தையின் குரல் வரவில்லை. காதை அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டேன், வரவே இல்லை. லைன் அறுந்துபோனது.

என் தம்பியின் காரில் கிளம்பினோம். யாரும் போனை எடுக்கவில்லை. இவர் முன்சீட்டில் கல்லாக உட்கார்ந்திருந்தார். வழி நெடுக எனக்கு அந்தத் தண்ணீர்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதில் என் முகத்துக்குப் பதிலாக வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன். செக்கானூரணி தாண்டித்தான் அருள்பாண்டி போனை எடுத்தான். அழுதுகொண்டிருந்தான். "அக்கா… கையிக்கா… பாப்பா கையி…"

கைதானா! கடவுளே, கை மட்டும்தானா! என்னையறியாமல் கும்பிட்டேன். ஒரு பிள்ளையின் கை நசுங்கியதற்காக நான் கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் வலது கையில் பெரிய கட்டுடன் படுத்திருந்தாள். விளிம்புக்கும் மூடிக்கும் நடுவில் மூன்று விரல்கள் சிக்கியிருக்கின்றன. நடுவிரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். அம்மா வந்து மூடியைத் தூக்கும்வரை அவள் சத்தம் போடவில்லையாம். தொட்டியின் வாய்க்கு மேலே குனிந்து அந்தக் கனத்தை எப்படி இழுத்தாள், எப்படி உள்ளே போகாமல் இருந்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நினைக்கத் தொடங்கினால் தூக்கம் போய்விடுகிறது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பெரியம்மா, பூட்டத் தெரியல. மூடி மட்டும்தான் போட்டேன்," என்றாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலத்துக்குள் நான்கு அக்காமாரும் மூன்று அண்ணன்களும் வந்துவிட்டார்கள். வராண்டாவில் கூடி நின்று இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். இருவரும் தலைகுனிந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். பிறகு தேம்பினார்கள். அழுததும் திட்டியவர்களுக்கு மனசு தாங்கவில்லை. ஒரு அக்கா தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு அண்ணன் தங்கைக்கு ஜூஸ் வாங்கி வந்தார். "விடுறா, பெரிசா ஒண்ணும் ஆகலல்ல." "அழாதடா, நாங்க இருக்கோம்ல." இதெல்லாம் நடந்தபோது பிள்ளை உள்ளே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அவள் அழவில்லையே.

அந்த வாரமே என் வீட்டுக்காரர் ஆளைக் கூட்டிவந்து வால்வை வெளிச்சுவருக்கு மாற்றினார். மூடியைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்து அடைத்தார். தொட்டியைக் கழுவ வேண்டுமென்றால்கூட இனி வெட்டித்தான் எடுக்க வேண்டும். "இனி ஒரு பயலும் தொறக்க முடியாது," என்றார். காலி பண்ணச் சொல்லும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. அவருக்கும் அந்தப் பிள்ளை வேண்டும்.

கட்டுப் பிரித்து விரல் ஆறிவந்தது. வீடு பழையபடி ஆனது. வெளிக்கதவு திறந்து கிடந்தது. குழாய் ஓடியது. நேற்று சாயங்காலம் வாணி ஒரு டப்பாவில் கேசரி எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. பின்னால் அருள்பாண்டி வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான்.

"ரெண்டாவது உண்டாயிருக்குக்கா," என்றாள்.

"இப்பவா?" என்று வாயில் வந்துவிட்டது. "ரெண்டையும் எப்படிடி சமாளிப்ப? யாரு பாத்துக்குவா?"

"அதான் இதழி இருக்காளேக்கா," என்றாள் வாணி. அருள்பாண்டியும் அதையே சொல்ல வாயெடுத்தவன், அவள் முந்திக்கொண்டதும் சிரித்தான். "எம்புட்டுப் பொறுப்பு தெரியுமாண்ணே அவளுக்கு? இனி எங்களுக்கு என்ன கவலை?" என்றான் இவரைப் பார்த்து. இவர் கேசரியைத் தொடாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரம். இதழினி வெளியே வந்தாள். எக்கி நின்று தெருப்பக்க வெளிக்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். அப்பாவின் செருப்பையும் அம்மாவின் செருப்பையும் ஜோடியாக எடுத்துவைத்தாள். பிறகு சம்ப்பிடம் வந்து உட்கார்ந்தாள். வெல்டிங் வைத்த மூடியை, நுனி இல்லாத அந்த விரலோடு இருந்த கையால் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். வரவில்லை. மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.

"அது தொறக்காதுடா. நீ போய் வெளையாடு," என்றேன் மேலிருந்து.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தம்பிப் பாப்பா வரப்போகுது பெரியம்மா. நான் தெனமும் பாத்துக்கணும்," என்றாள்.

உள்ளே இருவரும் டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையிலிருந்து ஏதோ தீயும் வாசனை வந்தது. நான் படியிறங்குவதற்குள் பிள்ளை எழுந்து உள்ளே ஓடினாள்.